ஒரு விலங்கை ஊர்வன என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர், தம் மகளின் அறிவியல் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது எழுந்த ஐயங்களை வரிசையாக எழுதியிருக்கிறார். குளிர் இரத்தம், செதில் போர்த்த தோல், நுரையீரல் சுவாசம், முட்டையிடுதல் ஆகியவை ஊர்வனவற்றின் பண்புகள் என்கிறது புத்தகம். ஆனால் அழுங்குக்கு உடம்பெல்லாம் செதில், அதைப் பாலூட்டி என்கிறார்கள். கண்ணாடி விரியன் குட்டி போடுகிறது, அது ஊர்வன. தவளைக்கும் குளிர் இரத்தம்தான், அது இதில் சேராது. முதலை, பல்லியைவிடக் காக்கைக்கு நெருங்கிய உறவு என்றும் அவர் எங்கோ படித்திருக்கிறார். "இவற்றில் எந்தப் பண்பு கடைசியில் முடிவு செய்கிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள்?" என்று கேட்டு, தேர்வில் என்ன எழுதுவது என்றும் கேட்டிருக்கிறார். இத்தனை கேள்விகளுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விலங்குகளைப் பிரிப்பது பண்புகளின் பட்டியலை வைத்தா, அல்லது பரம்பரை உறவை வைத்தா என்பதே அது. நான் விலங்கியல் படித்து, பாம்புகளையும் பல்லிகளையும் அடையாளம் காண்பதைக் கற்பித்து வருபவன். புதைபடிவங்கள் என் துறை அல்ல. ஆகவே உயிரோடு இருக்கும் விலங்குகளைப் பற்றிச் சொல்வதை என் பயிற்சியிலிருந்தும், பழங்கால விலங்குகளைப் பற்றிச் சொல்வதைப் பிறர் ஆய்விலிருந்தும் சொல்கிறேன்.

பாடப்புத்தகத்தின் பண்புகளை முதலில் ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கலாம். குளிர் இரத்தம் என்பது மிகவும் பலவீனமான அடையாளம். சூழலிலிருந்து வெப்பத்தைப் பெற்று உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்வது பெரும்பாலான ஊர்வனவற்றின் இயல்பு என்பது உண்மை. காலையில் பாறை மேல் வெயில் காயும் ஓணானின் இரத்தம் நண்பகலில் நம் இரத்தத்தைவிடக் குளிர்ந்திருக்கும் என்று சொல்லவும் முடியாது. ஆனால் மீன்களும் தவளைகளும் இதே வழியில்தான் வாழ்கின்றன. ஊர்வனவற்றிலேயே விலக்குகளும் உண்டு. தோணியைப் போன்ற பெரிய உடலுடைய தோல்முதுகுக் கடலாமை, குளிர்ந்த கடல்நீரில் நீந்தும்போதும் தன் உடல் வெப்பத்தை நீரின் வெப்பத்தைவிட வெகுவாக உயர்த்தி வைத்துக்கொள்கிறது. மலைப்பாம்புகளில் சில இனங்களின் தாய், முட்டைகளைச் சுற்றிக்கொண்டு தசைகளை நடுங்கச் செய்து அவற்றுக்குச் சூடு தருகிறது. முட்டையிடுவதும் இப்படித்தான். நல்ல பாம்பும் சாரையும் முட்டையிடுகின்றன. கண்ணாடி விரியனும் பச்சைப் பாம்பும் பெரும்பாலான கடல் பாம்புகளும் குட்டி ஈனுகின்றன. பாம்பு, பல்லிக் கூட்டத்தில் குட்டி ஈனும் முறை ஒருமுறை மட்டும் தோன்றியதல்ல, தனித்தனியாகப் பலமுறை தோன்றியிருக்கிறது. நெருங்கிய உறவினங்களுக்குள்ளேயே ஒன்று முட்டையிட, மற்றொன்று குட்டி போடுவது உண்டு என்பதால், ஒரு வகுப்பையே வரையறுக்கும் சுமையை இந்தப் பண்பின் தலையில் ஏற்ற முடியாது.

செதில் சற்று வலுவான அடையாளம், ஆனால் எந்தச் செதில் என்று பார்க்க வேண்டும். மீனின் செதிலைக் கத்தியால் உரசினால் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும்; அது தோலின் உள்ளடுக்கில் உருவாகும் எலும்புத்தன்மையுள்ள தகடு. பாம்பின் செதிலை அப்படிப் பிடுங்கி எடுக்க முடியாது, ஏனெனில் அது தோலின் வெளியடுக்கே தடித்து மடிந்த மடிப்பு. வேலியோரம் கிடக்கும் பாம்புச் சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் இது தெளிவாகத் தெரியும். செதில்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தோல் எங்கும் அறுபடாமல் ஒரே தொடராக ஓடும். கண்ணை மூடியிருந்த கண்ணாடி போன்ற வட்டச் செதில்கூடச் சட்டையோடு சேர்ந்தே உரிந்து வந்திருக்கும். அழுங்கின் செதிலும் நம் நகத்தைப் போலக் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனதே. ஆனால் அதன் வயிற்றிலும் முகத்திலும் மயிர் உண்டு, தாய் குட்டிக்குப் பால் கொடுக்கிறது, கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கமும் ஒரே எலும்பால் ஆனது. எந்த ஊர்வனவுக்கும் இம்மூன்றும் கிடையாது. ஊர்வனவற்றின் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கே பல எலும்புகள் இணைந்திருக்கும். ஆகவே அழுங்கின் செதில் பாலூட்டிப் பரம்பரைக்குள் பிற்காலத்தில் புதிதாகத் தோன்றிய கவசம். இரண்டு விலங்குகள் ஒத்திருக்கின்றனவா என்பதைவிட, அந்த ஒற்றுமை பொது மூதாதையிடமிருந்து வந்ததா, தனித்தனியாகத் தேடிக்கொண்டதா என்று கேட்பதே வகைப்பாட்டியலின் முதல் வேலை.

இதற்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மழைக்காலத்தில் ஏலத் தோட்டத்திலோ காபித் தோட்டத்திலோ மண்ணைக் கிளறினால், காலில்லாத இரண்டு வகை உயிரினங்கள் அகப்படலாம். ஒன்றின் உடல் மண்புழுவைப் போல வளையம் வளையமாக, ஈரமாக, வழவழப்பாக இருக்கும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையில் சிறிய உணர்கொம்பு ஒன்று தெரியும். இது சிசிலியன், அதாவது தவளையின் உறவான இருவாழ்வி. மற்றொன்றின் உடலில் உலர்ந்து பளபளக்கும் செதில்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வாலின் நுனி வெட்டிவிட்டது போல மொட்டையாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். இது கேடயவால் பாம்பு, ஊர்வன. தோட்டத்தில் வேலை செய்வோர் இரண்டையும் பாம்பு என்றே அடித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே மனிதருக்குத் தீங்கு செய்யாதவை என்பதால் அது வருத்தம் தரும் காட்சி. உருவமும் வாழிடமும் பழக்கமும் ஒன்றுபோல இருந்தும், இவற்றின் பரம்பரைகள் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. மண்ணுக்குள் துளைத்து வாழும் வாழ்க்கை இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

தவளையையும் சிசிலியனையும் ஒரு பக்கமும், பாம்பையும் ஆமையையும் மறுபக்கமும் நிறுத்துகிற உண்மையான எல்லை கருவைச் சுற்றியுள்ள சவ்வுகளில் இருக்கிறது. அடைகாத்து ஐந்தாறு நாளான கோழி முட்டையை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் மெதுவாக உடைத்தால், கருவைச் சுற்றி நீர் நிறைந்த மெல்லிய பை ஒன்றைக் காணலாம். ஊசி முனையால் தொட்டால் அது தளும்பும். அதன் அருகே கழிவைச் சேர்த்துக்கொண்டு, பின்னர் ஓட்டின் உட்புறம் பரவி மூச்சுவிடவும் உதவும் இன்னொரு பை, இரத்தக் குழாய்கள் படர்ந்து சிவந்து தெரியும். முதல் பையின் பெயர் ஆம்னியான். நம் வீடுகளில் பனிக்குடம் என்று சொல்வதும் இதைத்தான். பல்லி முட்டையிலும் ஆமை முட்டையிலும் இந்த அமைப்பு உண்டு. குட்டி ஈனும் விரியனின் வயிற்றுக்குள்ளும் உண்டு. மனிதத் தாயின் கருப்பையிலும் உண்டு. தவளைக்கோ சிசிலியனுக்கோ கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகளில் பல, தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டைக்குள்ளேயே சிறு தவளையாக வளர்ந்து வெளிவருகின்றன. அவற்றுக்கும் பனிக்குடம் இல்லை. குளத்தைக் கருவைச் சுற்றியே கட்டிக்கொண்ட இந்த ஏற்பாடுதான் முதுகெலும்பிகள் வறண்ட நிலத்தில் முழுமையாகக் குடியேற வழி செய்தது. ஆக, ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் பிரிப்பது இங்கே எளிதாகிவிடுகிறது. இது உறுதியான செய்தி, இதில் கருத்து வேறுபாடு இல்லை. வரலாற்றில் இந்தப் பிரிவு தாமதமாகத்தான் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1758இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் தவளையையும் பாம்பையும் ஆமையையும் ஒரே வகுப்பில்தான் வைத்தார். 19ஆம் நூற்றாண்டில்தான் இரண்டும் தனித்தனி வகுப்புகளாக நிலைபெற்றன.

பனிக்குடம் உள்ள விலங்குகளின் கூட்டம் மூன்று பெயர்களில் நமக்குத் தெரியும்: பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன. பழைய வகைப்பாட்டில், மயிரும் பாலும் இருந்தால் பாலூட்டி, இறகு இருந்தால் பறவை, இவை எதுவும் இல்லாமல் மிஞ்சியதெல்லாம் ஊர்வன. எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இந்த "மிஞ்சியது" என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஊர்வனவற்றுக்கு மட்டுமே உரியதும், அவை அனைத்துக்கும் பொதுவானதுமான ஒரு பண்பைத் தேடினால் அது கிடைப்பதில்லை. செதிலைச் சொன்னால் கோழியின் காலில் அதே வகைச் செதில் இருக்கிறது. மண்டையோடு முதுகெலும்போடு பொருந்தும் இடத்தில் ஒற்றைக் குமிழ் இருக்கும் என்றால், பறவைக்கும் ஒற்றைக் குமிழ்தான், பாலூட்டிக்கு இரண்டு. நடுக்காதில் ஒரே எலும்பு என்றால் பறவைக்கும் ஒன்றே. மூன்று அறை இதயம் என்றால் முதலைக்கு நான்கு அறைகள். ஊர்வனவற்றுக்கே உரியது என்று நாம் எடுக்கும் நல்ல பண்புகள் எல்லாம் பறவையையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்துவிடுகின்றன. டார்வினின் நண்பரான தாமஸ் ஹக்ஸ்லி இதை 1860களிலேயே கவனித்து, ஊர்வனவற்றையும் பறவைகளையும் சேர்த்து ஒரே பெரும் பிரிவாக வைத்தார்.

அவர் கண்டதன் காரணம் முதலையிடம் தெரிகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணைக்குப் போகிறவர்கள், கரையில் அசையாமல் வாய் திறந்து கிடக்கும் சதுப்பு முதலையைப் பார்த்து, பெரிய பல்லி என்றே எண்ணிக்கொள்வார்கள். உள்ளே இருப்பது வேறு. இதயத்தின் கீழறைகள் இரண்டும் முழுச் சுவரால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பற்கள் தாடைக் குழிகளுக்குள் ஊன்றியிருக்கின்றன. முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுக்க, தாய் வந்து மண்ணைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டுபோகிறது. சதுப்பு முதலையில் ஆணும் குஞ்சுகளைக் காக்கும். கழிவுத் துளைகூடப் பல்லிக்கும் பாம்புக்கும் உடலுக்குக் குறுக்கே அமைந்த பிளவு, முதலைக்கு நீளவாக்கில் அமைந்த பிளவு. இவையெல்லாம் சுட்டிய திசையை மரபணு வரிசைகள் இன்று ஐயமற உறுதி செய்துவிட்டன. உயிரோடிருக்கும் விலங்குகளில் முதலைக்கு மிக நெருங்கிய உறவு பறவைதான். கேட்டவர் படித்தது சரியே. ஆனால் எல்லா ஒற்றுமையையும் இதற்குச் சான்றாக அடுக்கிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறேன். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுவது போல முதலையின் உறவான அமெரிக்க அலிகேட்டரிலும் ஓடுகிறது என்று 2010இல் காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே உடும்பின் நுரையீரலிலும் அது காணப்பட்டது. அந்தப் பண்பு எல்லோருக்கும் பொதுவான பழஞ்சொத்தா, இருமுறை தோன்றியதா என்பது இன்னும் திறந்த கேள்விதான்.

இந்த நிலையில் 1950இல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் முன்வைத்த முறை, ஒரு நூற்றாண்டுக் குழப்பத்துக்குத் தெளிவான விதி ஒன்றைத் தந்தது. ஒரு பொது மூதாதையையும் அதன் வழிவந்த எல்லோரையும் உள்ளடக்கினால்தான் அது இயற்கையான குழு. வழிவந்தவர்களில் சிலரை வெளியே தள்ளிவிட்டால் அது நாம் வசதிக்காகப் போட்ட வேலி. ஒரு தாயின் பிள்ளைகளில் நால்வரைக் குடும்பம் என்று எழுதி, தோற்றத்தில் மாறிவிட்டான் என்பதற்காக ஐந்தாமவனை மட்டும் விட்டுவிடுவது போன்றது பறவையை விட்டுவிட்டு ஊர்வனவற்றை வரையறுப்பது. எனவே இன்றைய வகைப்பாட்டியலில் ஊர்வன என்பது பண்புப் பட்டியல் அல்ல, பரம்பரை மரத்தின் ஒரு கிளை. 2004இல் மொடெஸ்டோ, ஆண்டர்சன் ஆகிய இருவர் தந்த வரையறையைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: மனிதனைவிட, ஐரோப்பிய மணற்பல்லிக்கும் நைல் முதலைக்கும் நெருங்கிய உறவுடைய விலங்குகள் அனைத்தும் ஊர்வன. இதில் செதிலும் இல்லை, இரத்தமும் இல்லை, முட்டையும் இல்லை. பண்புகள் உறவை நிறுவுவதற்கான சாட்சிகளாக மட்டுமே நிற்கின்றன. இந்த வரையறையின்படி பறவை உள்ளே வருகிறது. பொம்மைக் கடைகளில் டைனோசர்களோடு விற்கப்படும், முதுகில் பாய் விரித்த டைமெட்ரோடான் வெளியே போகிறது. ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அது, பார்வைக்கு முழுக்க ஊர்வன போலிருந்தாலும், கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டின் ஒவ்வொரு பக்கமும் ஒரே துளை கொண்டது. அது நம் பாலூட்டிப் பரம்பரையின் அடையாளம்.

இந்தத் துளைகளைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் எலும்பை வைத்து ஊர்வனவற்றைப் பிரிப்பவர்களின் முதன்மைக் கருவி இதுவே. தாடைத் தசைகள் இணைந்து புடைப்பதற்கு இடம் தரும் இந்தத் திறப்புகள், முதலை மண்டையோட்டில் கண்குழிக்குப் பின் ஒரு பக்கத்துக்கு இரண்டாக இருக்கும். பல்லியில் கீழ்த் துளையின் எலும்பு வளைவும், பாம்பில் இரண்டு துளைகளின் வளைவுகளும் தேய்ந்து மறைந்திருந்தாலும், அடிப்படை அமைப்பு இரண்டுதான். நியூசிலாந்தில் மட்டும் வாழும் துவாட்டராவை வகைப்படுத்திய கதை இதற்குச் சிறந்த சான்று. பார்ப்பதற்கு ஓணானைப் போன்றது என்பதால் அதை ஓணான் குடும்பத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். இந்திய ஊர்வனவற்றை முன்பே விரிவாக ஆராய்ந்திருந்த ஆல்பெர்ட் குந்தர், 1867இல் அதன் எலும்புக்கூட்டைக் கூர்ந்து பார்த்து, இரண்டு துளைகளையும் சுற்றி முழுமையான எலும்பு வளைவுகள் இருப்பதையும், மேல்தாடையின் இரண்டு பல்வரிசைகளுக்கு இடையில் கீழ்த்தாடைப் பல்வரிசை பொருந்துவதையும் காட்டி, இது பல்லியே அல்ல, தனி வரிசை (வகுப்புக்கு அடுத்த கீழ்ப் படிநிலை) என்று நிறுவினார். மரபணு ஆய்வும் அவர் முடிவையே உறுதிப்படுத்தியது. பல்லியும் பாம்பும் ஒரு வரிசையாக 11,000க்கும் மேற்பட்ட இனங்களோடு பெருகியிருக்க, அவற்றின் சகோதர வரிசையில் இன்று எஞ்சியிருப்பது துவாட்டரா ஒன்றே. பாம்பு என்பதும் பல்லிக் கூட்டத்துக்குள்ளிருந்து கிளைத்ததுதான். காலை இழந்ததால் மட்டும் ஒன்று பாம்பாகிவிடாது. ஒடிசாவின் சிலிகா ஏரியில் 1917இல் விவரிக்கப்பட்ட காலில்லாத அரணை ஒன்று இதற்குச் சாட்சி.

ஆமைதான் நெடுங்காலம் தொல்லை கொடுத்தது. அதன் மண்டையோட்டில் கண்ணுக்குப் பின் துளையே கிடையாது. ஆகவே எல்லா ஊர்வனவற்றுக்கும் முந்தைய, மிகப் பழைய கிளை ஆமை என்று பல தலைமுறைப் பாடநூல்கள் எழுதின. ஆமையின் மரபணுக்களோ முதலை, பறவைக் கிளையின் பக்கத்தில் அதை நிறுத்துகின்றன. 2015இல் ஜெர்மனியிலிருந்து விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகள் பழைமையான பாப்போகெலிஸ் என்னும் ஆமைமூதாதையின் மண்டையோட்டில் இரண்டு துளைகள் இருந்தன. ஆகவே ஆமைக்குத் துளை பிறகுதான் மூடிக்கொண்டது என்ற கருத்து வலுப்பெற்றுவிட்டது. முதலைக்கு அருகில் ஆமை என்பதை நான் ஏறக்குறைய உறுதி என்ற வரிசையில் வைப்பேன். எலும்புகளை மட்டும் வைத்து ஆராய்வோர் சிலர் வேறு இடங்களைச் சொல்லி வருவதால் முழு உறுதி என்ற வரிசையில் வைக்கவில்லை. முதல் ஊர்வன எது என்பது இன்னும் ஐயத்துக்குரியது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், புதையுண்ட மரத்தண்டின் பொந்துக்குள் கிடைத்த ஹைலோனோமஸ், 31 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அதையே மிகப் பழைய ஊர்வன என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஆனால் அது ஊர்வனக் கிளைக்குள் உண்மையாகவே அடங்குமா என்று அண்மைக்கால ஆய்வுகள் கேள்வி எழுப்புகின்றன. அத்தனை பழைய விலங்குகளுக்குச் சதையோ மரபணுவோ மிஞ்சவில்லை, பனிக்குடமும் கல்லாகிக் கிடைப்பதில்லை. எலும்பின் சிறு வேறுபாடுகளை நம்பியே முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது.

யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். விலங்குகளுக்குப் பெயரிடுவதற்குப் பன்னாட்டு விதிமுறை உண்டு, ஆனால் அது குடும்பம் என்ற படிநிலையை ஒட்டியே நின்றுவிடுகிறது. வகுப்பு என்ற உயர்நிலையில் இதுதான் ஊர்வன என்று தீர்ப்பளிக்க எந்த மன்றமும் இல்லை. ஆய்வாளர்கள் வாதிட்டு, பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வது நிலைக்கிறது. அதனால்தான் இன்றும் இரண்டு வழக்குகள் அருகருகே வாழ்கின்றன. பரிணாம உறவைப் பற்றி எழுதுவோர் பறவையையும் ஊர்வனவற்றுள் அடக்குகிறார்கள். பாம்பு, பல்லி, ஆமை, முதலைகளைக் களத்தில் ஆராய்வோரும், அவற்றின் இனப்பட்டியலைப் பேணுவோரும் பறவையை நீக்கியே எண்ணுகிறார்கள். 12,000க்கும் மேற்பட்ட ஊர்வன இனங்கள் என்று நீங்கள் படிக்கும் எண்ணிக்கையில் பறவைகள் சேரா. எந்த வழக்கைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிவிட்டு எழுதினால் இரண்டும் நேர்மையானவையே. நான் வகுப்பில் பழைய வழக்கில் தொடங்கி, முதலைப் பாடம் வந்ததும் புதிய வழக்குக்கு மாணவர்களை அழைத்துச் செல்வேன். முதலில் பறவையையும் ஊர்வன என்று சொல்லித் தொடங்கினால், அதற்கான காரணத்தைக் காட்டும் முன்பே அவர்கள் மனப்பாடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, உங்கள் மகள் புத்தகத்தில் உள்ள பண்புகளையே எழுதட்டும். அவற்றில் பொய் எதுவும் இல்லை, விலக்குகளைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். "பொதுவாக" என்ற சொல்லைச் சேர்த்து எழுதப் பழக்குங்கள். இடமிருந்தால், கருவைச் சூழ்ந்த பனிக்குடம் உண்டு, தோலில் மயிரும் இறகும் இல்லை என்ற இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். தவளையையும் அழுங்கையும் வெளியே நிறுத்த அவை போதும். கண்ணாடி விரியன் ஏன் ஊர்வன என்று அவள் மறுபடியும் கேட்டால், அதன் குட்டியும் தாயின் வயிற்றுக்குள் அதே சவ்வுகளுக்குள்தான் வளர்கிறது என்றும், முட்டையின் ஓடு மட்டும்தான் அங்கே இல்லை என்றும் சொல்லுங்கள்.